நூலைக் கத்தரிக்கோலால் வெட்டவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. என் அக்கா தையல்காரி. முப்பது வருடமாக நூலைப் பல்லால் கடித்து அறுத்தே மேல் முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்து, போன வருடம் பல் பாதியாக உடைந்தது. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கடைசியில் பல் டாக்டரம்மா எலும்பில் சின்ன ஆணி ஒன்றைப் பதித்து, அதன்மேல் ஒப்புக்கு ஒரு தற்காலிகப் பல்லை வைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார்.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. நீதான் எழுத்தாளராச்சே, பெருசா எழுதிக் குடு" என்றாள் அக்கா.

எழுதினேன். பஞ்சை இருபது நிமிடம் [திருத்தம்: அரை மணி நேரம், காரணம் நான்காம் பகுதியில்] கடித்தபடி இருக்கவும். முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கவும். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. அக்கா அதைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். நான் எழுதியதில் தினமும் படிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

2

அப்புறம்தான் இதைக் கதையாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் தொடக்கம்: "அவள் வாய்க்குள் ஒரு யுத்தம்…" (விட்டுவிட்டேன். அக்கா படித்தால் மூன்று நாள் பேச மாட்டாள்.)

இரண்டாவது: "பன்னிரண்டாம் நாள் காலை, சட்டைக் காலர் ஒன்றைத் தைத்து முடித்த அக்கா, நூலை வாய்க்குக் கொண்டுபோனாள்."

இது நடந்தது. ஈறில் போட்ட தையலை இரண்டு நாள் முன்புதான் பிரித்திருந்தார்கள். வலி இல்லை, அதனால் நினைப்பும் இல்லை. கை தன் பழக்கத்துக்குப் போனது. கடித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

"ரத்தம் பீறிட்டது" என்று எழுதினேன். அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தமெல்லாம் வரலடா. வராததை எழுதாத. நடந்ததையும் எழுதாத."

"அப்ப என்னத்த எழுத?"

"நான் கடிக்கவே இல்லன்னு எழுது."

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆணி எலும்போடு சேர மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் ஆடிவிட்டால் கழற்றிவிட்டு, புண் ஆறக் காத்திருந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தடவையே அக்கா பயத்தில் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் நகத்தடம் விழுந்தது. "இன்னொரு தடவை அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள்.)

3

முயன்று பார்த்தேன். "பன்னிரண்டாம் நாள் காலை அக்கா கத்தரிக்கோலை எடுத்து நூலை

முடிக்க முடியவில்லை. முடித்தால் அவள் அதை நம்பிவிடுவாள். தற்காலிகப் பல் லேசாக ஆடியது. ஆடுவது பல்லா, அடியிலிருக்கும் ஆணியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இருந்தும் டாக்டருக்குப் போன் பண்ண மாட்டேன் என்றாள். தெருவில் ஒருத்தரும் அவளிடம் பேரம் பேசத் துணிய மாட்டார்கள். அவளுக்கு, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய டாக்டரம்மா திட்டுவார் என்று பயம்.

"கதையில நல்லபடியா முடிச்சுடு. எனக்குத் தைரியம் வரும்."

"கதை எக்ஸ்ரே எடுக்காதுக்கா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பத்து வாக்கியம் எழுதி, பத்தையும் அடித்தேன்.

4

மறுநாள் காலை, இதுவரை நீங்கள் படித்த பக்கங்கள் மேஜையில் இல்லை. அக்கா மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். "கிளம்பு" என்றாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா. அக்கா வாயைத் திறக்காமல் பக்கங்களை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"இருபது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. நான் சொன்னது அரை மணி நேரம்."

மூன்றாம் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"திட்டுவேன்னு யாரு சொன்னது? போன வாரம் ஒரு தச்சர் வந்தாரு. புதுப் பல்லுக்கு நடுவுல இரும்பாணியக் கவ்விக்கிட்டு வேலை பாத்திருக்காரு. அவரையே நான் திட்டல."

அக்கா சிரித்துவிட்டாள். கை பாதி தூரம் உயர்ந்து, வாயை எட்டாமல் மடியில் இறங்கியது. இந்தக் கதையில் நான் கற்பனை செய்ய வேண்டியிராத வாக்கியம் அதுதான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"மேல இருக்கிற பல்லுதான் லூசாயிருக்கு, சரி பண்ணிடலாம். ஆணி அசையல. ஆனா எலும்போட சேர்ந்துச்சான்னு மூணாவது மாசம்தான் தெரியும். அதுவரைக்கும் நாக்கால துழாவிக்கிட்டே இருக்காதீங்க."

5

சுவரிலுள்ள தாளில் இப்போது அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. அதைத்தான் தலைப்பாக வைத்தேன். சின்னக் கத்தரிக்கோல் ஒன்று நாடாவில் அவள் கழுத்திலேயே தொங்குகிறது. நேற்றும் நூல் வாய்வரை போனது. பாதியில் நிறுத்தி, தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஆணி சேர்கிறது. மற்றதில் அக்கா மறுபடி அந்த நாற்காலியில் உட்காருகிறாள், இந்தத் தடவை என் கையைப் பிடிக்காமல். இரண்டையும் அடித்துவிட்டேன். மூன்றாவது மாதத்துக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது.

பக்கத்து அறையில் மெஷின் சத்தம் நின்றது.

"பல்லு நின்னுடுச்சுன்னு எழுதிட்டியாடா?"

"இல்லக்கா."

பிறகு கத்தரிக்கோல் நூலை வெட்டும் சத்தம்.

"சரி, இடம் விட்டு வை. நானே வந்து எழுதறேன்."

விட்டிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாக்கால் மட்டும் துழாவிக்கொண்டே இருக்காதீர்கள்.