கழற்றியதும் மாறும் எண்கள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அக்கா போனில் சொன்னது. "ஸ்விட்ச் வரைக்கும் எழுதிக்கோடா. அதுக்கப்புறம் எங்க வீட்டு விஷயம். என்னை அழுமூஞ்சியா காட்டினே, அவ்வளவுதான்" என்று மிரட்டித்தான் அனுமதி கொடுத்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கருவிகளுக்கும் ஓர் உள்ளம்…' (வேண்டாம். அக்கா சிரிப்பாள்.)

2

விஷயம் இதுதான். தொண்டை அறுவைக்குப் பிறகு அத்தானுக்குக் குரல் இல்லை. தட்டச்சு செய்வதை, முன்பே பதிந்துவைத்த அவர் குரலிலேயே பேசும் பெட்டி ஒன்று உண்டு. அது ஒருநாள் பாதிப் பேச்சில் நின்றுபோனது. குரலுக்கு வேறு நகல் கிடையாது. (இத்தனைக்கும் இதுமாதிரிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு.)

3

லேப்டாப்பைப் பெட்டியோடு கம்பியால் இணைத்து, முழுசாக எழும்புமுன் ஓடும் பூட்லோடரிலேயே அதை நிறுத்தினாள். அங்கே கட்டளை அடித்து டிரைவர்களைக்* கழற்றலாம், மாட்டலாம். கம்பி மாட்டும் வாசல்களான சீரியல் போர்ட்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர்: 0, 1, 2. முதலிரண்டும் தகராறு, அவற்றைக் கழற்றினால் குரலை நகலெடுத்துவிடலாம். மூன்றாவது வழியாகத்தான் அவள் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

0-ஐக் கழற்றினாள். பிறகு 1-ஐ. திரை அப்படியே நின்றது.

ஒன்றைக் கழற்றினால் பின்னாலிருப்பவை ஒரு படி முன்னே வந்துவிடும். 2 இப்போது 1. அக்கா தான் ஏறி நின்ற ஏணியையே எடுத்துவிட்டாள்.

*டிரைவர்: ஒரு பாகத்தை வேலைவாங்கத் தெரிந்த சிறு நிரல். இப்படிக் கழற்றினால் அழியாது. அணைத்துப் போட்டால் தானே மாட்டிக்கொள்ளும்.

4

'அப்படியானால் அணைத்துப் போட வேண்டியதுதானே?' நானும் கேட்டேன்.

"குரல் இருந்த மெமரி சிப் சாகக் கிடந்துதுடா. காலையிலேருந்து அணைச்சு அணைச்சுப் போட்டு அப்பத்தான் கண்ணு முழிச்சுது. இன்னொரு தடவை முழிக்குமோ என்னமோன்னு பயம்."

பக்கத்தில் அத்தான், கையில் சிலேட்டு. 'என்ன ஆச்சு?' என்று எழுதிக் காட்டினாராம்.

"ஒண்ணுமில்லே."

'நீ ஒண்ணுமில்லேன்னா பெரிசா ஏதோ இருக்கு.'

"எண்ணு மாறினதைக் கவனிக்கலே. தப்பா கழட்டிட்டேன். உன் குரல் போனாலும் போயிடும்."

அத்தான் சிலேட்டைச் சட்டைக் கையால் துடைத்தார். எழுதினார்: 'அணை. பேச வந்ததும் முதல் வேலை, உன்னைத் திட்டுறது.'

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பெட்டி பேசியது. (எழுதியபோதே எனக்கு நம்பிக்கையில்லை.)

பெட்டி பேசவில்லை. அத்தான் சிலேட்டை எடுத்து… (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அனுமதி ஸ்விட்ச் வரைக்கும்தான். அக்காவின் விரலை அதன்மேல் வைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். அணைப்பது இனி உங்கள் பாடு. திரும்பப் போட்டதும் கொஞ்சம் பொறுங்கள், எழும்ப நேரமெடுக்கும். பெட்டி பேசினால், அத்தான் திட்டுவதற்கு நல்ல வசவாகப் பார்த்துக் கொடுங்கள்.