ஒயில் வரும் வழி

சிலாவத்துறையில் மீன் வியாபாரம் செய்யும் வஸீரின் காற்சட்டைகளைத் துவைப்பது அவன் மனைவி இன்ஷிராவுக்குப் பழகிய வேலைதான். மீன் நாற்றம் சவர்க்காரத்துக்கும் தேசிக்காய்த் தோலுக்கும் அடங்கிவிடும். மோட்டார்சைக்கிள் எஞ்சினின் ஒயில் கறை அடங்காது. கல்லில் போட்டு எவ்வளவு கும்மினாலும் தேய்ந்து போவது துணிதான், கறை அப்படியே கிடக்கும்.

இந்தக் கறை மாரி முடிந்த பிறகுதான் தொடங்கியது. அந்த மாரியில் வஸீர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். கட்டு அவிழ்த்ததும் மோட்டார்சைக்கிளின் பின்னால் மறுபடி ஐஸ் போட்டு மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியைக் கட்டி, முருங்கன் பக்கத்து வயல் கிராமங்களுக்கு மீன் கொண்டுபோகத் தொடங்கினான். தொடங்கிய முதல் கிழமையே வலது காலில் கறை.

முருங்கனில் கராஜ் வைத்திருந்த கொன்ஸ்ரன்ரைன் எஞ்சினின் வலதுபக்க மூடியைக் கழற்றி, கசியாமல் புதுப் பக்கிங் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் சுகமாக ஓடியது. பிறகு கறை இடது காலுக்கு மாறியது. கியர் தண்டு வெளியே வரும் இடத்தில் இருந்த சீல் என்ற ரப்பர் வளையத்தை மாற்றினார். அதுவும் கொஞ்ச நாள்தான். இப்போது எஞ்சினின் தலைப்பக்கமும் நனைந்து, வஸீரின் இரண்டு கால்களும் கறுத்தன.

வியாழக்கிழமை இராச் சாப்பாட்டில் வஸீர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“எஞ்சினுக்குள்ள ரிங் தேஞ்சிருக்குமாம். முழுசாக் கழட்டவேணும் எண்டு கொன்ஸ்ரன்ரைன் அண்ணன் சொல்றார். நாளையிண்டைக்கு, சனிக்கிழமை, கொண்டுபோய் விடப்போறன்.”

“எத்தினை நாள் வைச்சிருப்பார்?”

“ஆருக்குத் தெரியும்? பழைய மொடல். சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும்.”

அவன் கை முறிந்து கிடந்த மாரியை இன்ஷிரா மறக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கதிரையை வாசலில் போட்டு, றோட்டைப் பார்த்தபடி பேச்சில்லாமல் இருந்தான். கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை. ஊர் ஊராய்ப் போய்க் கதைத்துச் சிரித்து மீன் விற்கிறவனை வீட்டுக்குள் இருத்தினால் அவனுடைய பாதிதான் மிஞ்சும் என்று அப்போது விளங்கிக்கொண்டாள்.

“ரிங் போனா புகை தள்ளுமெண்டு நீங்கள்தானே சொல்றனீங்கள். புகை வருதா?”

“இல்ல.”

“இழுவை குறைஞ்சிருக்கா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப?”

“அப்பவெண்டா... எனக்கென்ன தெரியும்?”

“நான் ஒண்டு சொல்றன், சிரிக்கக் கூடாது. முதல்ல உங்கட வலது கால். அதை அடைச்சதும் இடது கால். அதையும் அடைக்க ரெண்டு காலும். உடைஞ்ச இடத்தால வாற ஒயில் ஏன் இடம் மாறுது? ஒண்டை மூட இன்னொண்டைத் தேடிப் போகுது.”

வஸீர் சிரிக்கவில்லை. மூன்று தரம் கராஜுக்குப் போய்வந்தவன் அவன்தான். ஆனாலும் அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

“நாளைக்கு நீங்கள் யாவாரத்துக்குப் போகமாட்டீங்கள்தானே. கழட்டக் குடுக்க முதல் ஒருக்கா நாங்களே பாப்பம்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாரத்துக்கு மாறி, பைக்கைப் பூவரச மர நிழலுக்குத் தள்ளிவந்தான். பெட்டியை அவிழ்த்து இறக்கினான். இன்ஷிரா மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டுவந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து தேய்த்தார்கள். புழுதியும் ஒயிலும் கலந்து களிபோல் ஒட்டியிருந்தது உரிந்து உரிந்து விழுந்தது. உள்ளேயிருந்து வெள்ளி நிறத்தில் எஞ்சின் வெளிப்பட்டபோது, “இதுக்கு இப்பிடியொரு நிறம் இருக்கெண்டு மறந்தே போனன்” என்றான் வஸீர்.

துணியால் ஈரம் போகத் துடைத்ததும் அவள் உள்ளே போய் வேர்க்குருப் பவுடர் டப்பாவோடு வந்தாள்.

“இதென்னத்துக்கு?”

“ஒயில் எதில முதல் பட்டாலும் பவுடர் காட்டிக்குடுக்கும்.”

எஞ்சின் முழுவதும் பூசினாள். வஸீர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, “கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்” என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் வாயில் வந்த பகிடி.

ஸ்ராண்டில் நிறுத்தியபடியே உதைத்து ஓடவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எஞ்சின் சூடேறியதும் முறுக்கினான். இன்ஷிரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். கியர் தண்டின் ஓரத்தில் வெள்ளைப் பவுடர் சாம்பலாக நனைந்தது. அந்த நனைவு கீழே வடியவில்லை. நடுவில் சின்னதாய் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. இன்னொன்று எழும்பியது, அதுவும் உடைந்தது.

“இஞ்ச வாங்கோ, கெதியா வாங்கோ! இது ஒழுகேல்ல. உள்ளயிருந்து காத்துத் தள்ளுது.”

அவனும் குனிந்து பார்த்தான்.

“புட்டு அவிக்கேக்க மாவை இறுக்கி அடைச்சா என்ன நடக்கும்?” என்று கேட்டாள். “ஆவி மேல போகாது. பானைக் கழுத்தால சீறும். நான் எத்தினை சீலை சுத்தினாலும் சீறும். மேல வழி விட்டாத்தான் நிக்கும். இந்த எஞ்சினுக்கு ஆவி போற வழி இருக்கா?”

வஸீர் எஞ்சினை நிறுத்திவிட்டு பின்சில்லுப் பக்கம் போய்ப் படுத்து, செயின் மூடிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். சுட்டதில் ஒரு தரம் கையை உதறினான். கடைசியாக விரல் தடிப்பில் ஒரு கறுப்பு ரப்பர் குழாயை வெளியே இழுத்தான். எஞ்சினின் மேற்பக்கத்திலிருந்து வந்து கீழே சும்மா தொங்குகிற, ஆவி வெளியேறும் குழாய் அது. அதன் வாயில் மண் இறுகியிருந்தது.

“குளவி!” என்றான். “மண்குளவி கூடு கட்டியிருக்கு.”

குடைக்கம்பி ஒன்றை எடுத்துவந்து குத்தினான். மண் தூளாக உதிர்ந்தது. அதோடு, குளவி தன் குஞ்சுக்கென்று அடைத்து வைத்த சிறு சிலந்திகள் காய்ந்து சருகாய் விழுந்தன. இன்னும் உள்ளே குத்தியதும் “புஸ்” என்று ஒரு மூச்சு வந்து அவன் முகத்தில் அடித்தது. ஒயில் மணம்.

பைக் ஓடாமல் நின்ற மாரியில் குளவி ஆறுதலாக வீடு கட்டியிருக்கிறது. வஸீர் நிலத்தில் இருந்தபடியே சிரித்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். இன்ஷிராவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. முகத்தில் பவுடர் பறந்ததென்று துடைத்துக்கொண்டாள்.

கொன்ஸ்ரன்ரைனுக்கு அப்போதே போன் எடுத்தான். குளவிக் கூட்டைப் பற்றிச் சொன்னான்.

“அட கடவுளே,” என்றார் அவர். “மூண்டு தரமும் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலதான் என்ர கை போனது. வாயைப் பாக்கேல்ல. என்ர பிழைதான், வஸீர். கியர்ச் சீல் காத்துத் தள்ளி விரிஞ்சிருக்கும், வாங்கோ மாத்தித் தாறன். எஞ்சினைக் கழட்டத் தேவையில்லை.”

பவுடரை மறுபடி பூசினார்கள். ஓடிப் பார்த்தால்தானே தெரியும்?

“ஏறு,” என்றான் வஸீர்.

“நானா?”

“பெட்டி இல்லையே. பின்னால ஆள் பாரம் வேணும்.”

பெட்டி கட்டிய பிறகு அவள் அந்த பைக்கில் ஏறியதே இல்லை. உள்ளே போய்ப் பர்தாவை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள். அடுத்த ஊரான அரிப்புக்குப் போகும் றோட்டில் போனார்கள். கடல் காற்று பக்கவாட்டில் அடித்து அவளுடைய பர்தாவைப் பட்டம்போல் ஊதியது. ஒரு மதகடியில் நிறுத்திப் பார்த்தார்கள். தலைப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வலதுபக்கமும் அப்படியே. கியர்த் தண்டில் மட்டும் குன்றிமணி அளவு ஈரம், குமிழி இல்லை.

“சரி, திரும்புவம்,” என்றான் வஸீர்.

இன்ஷிரா அதற்குள் மறுபடி பின்னால் ஏறியிருந்தாள். றோட்டு முன்னால் நேராகக் கிடந்தது. ஆடுகள் சில குறுக்கே போய்க்கொண்டிருந்தன.

“இவ்வளவு ஓடினது காணாது,” என்றாள். “அரிப்பு வரைக்கும் போய்ப் பாப்பம்.”

வஸீர் திரும்பி அவளைப் பார்த்தான். ஆடுகள் கடந்து முடியும்வரை காத்திருந்து, பைக்கை உதைத்தான்.