வெள்ளத்தில் போன மாடு

“குர்ஆன் ஓதத் தெரிஞ்ச புள்ளைக்கு வாசிக்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிறாய்?” என்று வாப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார். தங்கச்சி றம்லத் ஓதுகிற பழக்கத்தில் தமிழ்ப் பாடத்தையும் உடம்பை அசைத்து ராகமாக வாசிப்பாள். என்ன கதை என்று கேட்டால் விழிப்பாள். கண்டிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்துத்தான் சேர்ப்பார்கள். தவறினால் அவளும் என்னைப்போல வீட்டோடுதான். அதனால் சீனி சுற்றிவந்த பத்திரிகைத் துண்டுகளைக் கொடுத்து, “யாருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று பரீட்சை முடிந்து ஓடிவந்தாள். “ராத்தா, வெள்ளத்துல போன மாடு திரும்பி வந்த கதை! வீட்டுக்காரி ஏன் அழுதா என்டு கேட்டாங்க. சந்தோஷத்துல என்டேன். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரட்டாம்!”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, அளவுக்கு அவளுடைய சட்டையொன்றை எடுத்துக்கொண்டு, தையற்கடைக்குப் போனார்.