ஓர் இலை, மூன்று பேர்

லூர்துராணி ஆபரேசன் முடிந்து மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று, திருச்சி மேலப்புதூரில் அவள் வீட்டுக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வந்து இறங்கியது. ஆட்டுக்கால் சூப், வஞ்சிரக் குழம்பு, ஒரு தூக்கு நிறைய கேசரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை வெறுங்கையோடு பார்க்கப் போவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. அவளுக்குச் செய்திருந்ததோ, சாப்பாட்டையே குறைக்கிற ஆபரேசன்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாற்பதைத் தொட்ட வயது. முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சர்ஜனிடம் போனாள். எண்பத்தாறாம் வருடம். உடம்பு இளைக்க ஓர் ஆபரேசன் உண்டு என்பதையே திருச்சியில் பலர் கேள்விப்பட்டதில்லை. இரைப்பையின் மேல்பகுதியில் கொஞ்சத்தை மட்டும் தனியாகத் தைத்து, குடலை நேராக அதோடு இணைத்துவிட்டார் டாக்டர்.

"இனிமே உங்க வயிறு ஒரு கோழிமுட்டை அளவுதாம்மா. கொஞ்சம் கொஞ்சமா, நல்லா மென்னு சாப்பிடணும். சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது. இனிப்பு வேண்டாம். மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மாமியார் ரோசம்மாள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டா தையலா பிரிஞ்சிரும்?" என்று சூப்பை நீட்டினாள். அந்த இரண்டாவது வாயிலேயே லூர்துராணி குழாயடிக்கு ஓடினாள். கணவன் பாக்கியநாதனுக்கு அவள் எதிரில் சாப்பிட மனம் வரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று வறுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தவனை ஒருநாள் அவள் கையும் மீனுமாகப் பிடித்தாள். வாயில் முள்ளோடு அவன் திருதிருவென்று விழித்தான்.

"என் முன்னாடியே உக்காந்து சாப்பிடுங்க. வாசனையாவது எனக்குக் கிடைக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஏன் வாந்தி வருகிறது, ஏன் தலை சுற்றுகிறது, எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்க அவளுக்கு ஊரில் ஒருவரும் இல்லை. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகத்தான் அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, கூட வேலை பார்க்கும் பத்மாசனியைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். பத்மாசனி ஒரு கிண்ணத்தில் அக்காரவடிசலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பெருமாள் அமுது செய்த பிரசாதம். மாட்டேன்னு சொல்லப்படாது. ஒரே ஒரு கரண்டி."

பாலும் வெல்லமும் நெய்யும் குழைந்த அந்த ஒரு கரண்டி நாக்கில் பட்டதும் லூர்துராணி எல்லாவற்றையும் மறந்தாள். அடுத்த கரண்டியைத் தானே கேட்டு வாங்கினாள்.

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. ரவிக்கை வேர்வையில் நனைந்தது. பஸ் ஓடுகிறதா, சுற்றுகிறதா என்று தெரியவில்லை.

"மாதாவே, நான் போறேன்" என்று பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்தாள்.

அந்தத் தோள் மண்ணச்சநல்லூர் அரிசி வியாபாரி பவுனம்மாளுடையது. அவள் லூர்துராணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இனிப்பு தின்னீங்களா?"

"எப்படிங்க தெரியும்?"

"வயித்துல ஆபரேசன் ஆயிருக்கா? அல்சரா?"

"இல்லைங்க... குண்டுக்கு."

"குண்டுக்கா!" பவுனம்மாள் குரலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "சரி, எதுக்கோ ஒண்ணு. வெட்டின வயித்துக்கு இனிப்பு ஆகாது. எனக்கும் இப்படித்தான் வரும். சாக மாட்டீங்க, படுத்தா அடங்கிரும். வாங்க, இறங்கலாம்."

திருவானைக்காவலில் இறக்கி, கைத்தாங்கலாக நடத்திப் போய் ஒரு பெஞ்சில் படுக்க வைத்தாள். லூர்துராணி கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே ஜாங்கிரி கோபுரமாக அடுக்கியிருந்தது.

"ஐயோ, என்னை ஏங்க இனிப்புக் கடையில கொண்டாந்து போட்டீங்க?"

கடைக்காரர் ரத்தினவேல் விசிறியோடு வந்தார். அவரும் பவுனம்மாளைப் போலவே அல்சரில் பாதி வயிற்றை இழந்தவர். ஆபரேசனுக்குப் பின் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த வரிசையில்தான் பவுனம்மாளுக்கும் அவருக்கும் பழக்கம்.

"கவலைப்படாதீங்கம்மா. நான் ஒரு முழு ஜாங்கிரி தின்னு வருசக்கணக்காச்சு."

"அப்ப ருசி எப்படிங்க பாப்பீங்க?"

"நாக்கு நுனியில ஒரு துளி. மிச்சத்தை வாங்குறவங்க மூஞ்சியில பாத்துக்குவேன்."

லூர்துராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்களும் ஆளுக்கொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் திருவானைக்காவலுக்குக் கிளம்பிவிடுவாள். கடையின் பின்கட்டில் மூவரும் சின்னக் கிண்ணங்களோடு உட்காருவார்கள். ரசஞ்சாதத்தில் அவித்த முட்டையை எப்படி மசிப்பது, மீனைக் குழம்பிலிருந்து எடுத்து எப்படி உதிர்ப்பது, மோரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் எப்போது குடிப்பது என்று பவுனம்மாள் காட்டிக்கொடுத்தாள். லூர்துராணி டாக்டர் சொன்னதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னாள். சத்து மாத்திரையைப் பாதியில் விட்டிருந்த ரத்தினவேல் மறுபடி டாக்டரிடம் போய்க் கேட்டு ஆரம்பித்தார். யார் முதலில் சாப்பிட்டு முடிக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள் என்று ஒரு பந்தயமும் உண்டு. தோற்றவர் பாட வேண்டும். ஆரம்பத்தில் லூர்துராணி வாராவாரம் பாடினாள். சுவர்ப்பக்கத்து நாய் எழுந்து போய்விடும்.

பாக்கியநாதனின் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. விருந்தென்றால் உறவுக்காரர்கள் விடமாட்டார்களே என்று லூர்துராணி பயந்தாள். மாத்திரை டப்பாவோடு இரண்டு சிநேகிதர்களையும் அழைத்துக்கொண்டு போனாள்.

"ஐயோ பாவம், சாப்பிட முடியாத மாதிரி பண்ணிப்புட்டாங்களே" என்று பாக்கியநாதனின் சித்தப்பா அடைக்கலராஜ் வாசலிலேயே ஆரம்பித்தார்.

பந்தியில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து ஒரே ஓர் இலையைக் கேட்டார்கள். பிரியாணி வாளியோடு வந்த பையன் தயங்கினான்.

"ஆளு மூணு, இலை ஒண்ணுதானா?"

"மூணு பேருக்கும் சேத்து ஒரு வயிறுதாம்ப்பா இருக்கு. வை" என்றாள் பவுனம்மாள்.

அடைக்கலராஜ் அடுத்த பந்திக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இலை, அதில் ஒரு பிடிச் சோறு, ஒரு துண்டுக் கறி. நொடியில் எழுந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, லூர்துராணியின் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார்.

லூர்துராணி கறியை நார் நாராகப் பிய்த்தாள். மென்றாள். ரத்தினவேல் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பந்தி முழுவதும் எழுந்து போனது. அடுத்த பந்தி உட்கார்ந்தது. சித்தப்பா கால் மாற்றி நின்றார். அந்தப் பந்திக்கு ரசம் வந்தது, மோர் வந்தது.

"இன்னுமாம்மா?"

"இப்பத்தான் சித்தப்பா பாதி ஆச்சு."

பவுனம்மாளுக்குச் சிரிப்பு வெடித்தது. சித்தப்பா குனிந்து, "ரெண்டே வாய்ல முடிக்கிறதை ஏம்மா இப்படி..." என்று தொடங்குவதற்குள் ரோசம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே! என் மருமக மெல்லட்டும். அவசரமா இருந்தா நீங்க அங்கிட்டுப் போங்க. அந்த மூலையில எல்லாம் எந்திரிச்சாச்சு."

லூர்துராணி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அடுத்த நாரை நிதானமாகப் பிய்த்தாள். சித்தப்பா மூலையைப் பார்த்து ஓடினார். வாளிப் பையன் மட்டும் போகாமல் நின்று, "எங்க அண்ணனுக்கும் அல்சர் ஆபரேசன் ஆயிருக்குங்க. பயந்துபோய் வெறும் கஞ்சியே குடிக்கிறான்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு அனுப்பு" என்றார் ரத்தினவேல்.

சாயங்காலம் சிநேகிதர்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்த குடும்பம், பஸ் நகரும்போது தானும் ஏறிக்கொண்டது. லூர்துராணிதான் முதலில் ஏறினாள். படியில் மூச்சு வாங்கவில்லை என்பதை உட்கார்ந்த பிறகே கவனித்தாள்.

"நம்ம வீடு இந்தப் பக்கமாம்மா இருக்கு?" என்றான் பாக்கியநாதன்.

"இல்லைங்க. சும்மா ஒரு ரவுண்டு."

இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவளும் பவுனம்மாளும், நடுவில் ரோசம்மாளும் இருந்தார்கள். காவிரிப் பாலத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் கிட்டே வந்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.