சுரேகாவின் பக்கம் சாய்ந்த வீடுகள்

தேவா காலை ஐந்தரைக்கு எழுவான். தண்ணீர் பிடிப்பான். அடுப்பின் தெற்குக் கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைப்பான். மனைவி சுரேகாவுக்கு வலி குறைவென்றால் இரண்டு மடிப்பு, அதிகமென்றால் நான்கு. பிறகுதான் பால் வைப்பான். அவளுடைய வலது இடுப்பு வலித்தால் வீடு தெற்கே சாயும் என்பதால் இந்த ஏற்பாடு.

மண்ணூர்பேட்டையில் ஒரே கூரையின் கீழ் ஆறு வாடகை வீடுகள் கொண்ட அந்த வரிசை முழுதும் சேர்ந்தே சாய்ந்தது. வலி வந்த முதல் வருடம் ஒரு விரல் அகலம். சுரேகா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைத்தாள். முதுகுப் பலகை இல்லாத ஸ்டூலில் ஒன்பது மணி நேரம் வலது காலால் பெடல் மிதித்தாள். பாத்ரூம் போனால் தைக்கும் பீஸ் கணக்கு குறையும் என்று தண்ணீர் குடிப்பதில்லை. முதுகுத்தண்டில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், வேலையை மாற்றச் சொன்னார். வலி மாத்திரையைத் தினமும் போட்டால் கிட்னி போய்விடும் என்று இரண்டு முறை சொன்னார். அன்று தேவாவுக்குப் பிடித்த பயம் பிறகு விடவில்லை.

மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டு எல்லம்மாவின் நிறைந்த கேஸ் சிலிண்டர் தானாக நகர்ந்து வாசலில் போய் நின்றது. கூரையில் வெடிப்பு விழுந்தது. வீட்டுக்காரர் ஞானசேகரன் பழைய மேஸ்திரி. ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். சுரேகா மாத்திரை போட்ட அரை மணியில் அதன் குமிழி நடுவுக்கு வந்தது. அதன்பின் மற்ற ஐந்து வீட்டாரும் முறைவைத்து மாத்திரை வாங்கி வந்தார்கள்.

"இன்னாடி, போட்டியா? என் அண்டா உருளுது பாரு" என்பாள் எல்லம்மா.

"அண்டாவுக்கு இன்னாக்கா, அதுக்கு கிட்னியா கீது?"

"ஊடே சாஞ்சாலும் உன் வாய் சாயல பாரு."

இருவரும் சிரிப்பார்கள். சுரேகா விழுங்குவாள்.

தேவா பூந்தமல்லியில் வீடு பார்த்தான். சுரேகா உள்ளே உட்கார்ந்ததும் அந்த மாடியும் தெற்கே இறங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"டாக்டர் மாத்திரையே வேணான்றாரு சார்" என்று ஞானசேகரனிடம் கெஞ்சினான்.

"கூரை வுயுந்தா அவரா வந்து தாங்குவாரு? ரசமட்டம் பொய் சொல்லாது நைனா."

இந்த வருடம் மே மாதம் குமிழி பதினொரு நாள் நடுவிலேயே நின்றது. ஞானசேகரன் வெடிப்புகளைப் பூசினார். எல்லம்மா எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சுரேகாவின் பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவு வீங்கியிருந்ததைத் தேவாதான் பார்த்தான். ஆட்டோவில் கொண்டுபோனான். இரண்டு கிட்னியும் நின்றுவிட்டிருந்தன.

நான்கு நாள் இருந்தாள். வார்டுத் தரை ஒரு நூல்கூடச் சாயவில்லை. அதைப் பார்த்த தேவா அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

ஆறு வீடுகளும் இப்போது மட்டமாக இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு ஞானசேகரன் காரணத்தை மறைப்பதில்லை. அவர்களும் தலையாட்டிவிட்டுக் குடிவருகிறார்கள். சுரேகா கடைசியில் எல்லோரையும் வாழ்த்தினாள் என்று எல்லம்மா சொல்வாள். எல்லம்மா அப்போது வார்டில் இல்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுரேகா சொன்னது இதுதான்:

"எல்லாருக்கும் தரை சமமாத்தான் கீது மாமா. நான் மட்டும் சறுக்கிகினே போறேன். புடி."