பாய்லர் அறைச் சுவர்

அக்காவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சலவைக்கூடத்தின் முதலாளி அவள்தான், ஆனால் எல்லோருக்கும் அக்கா. போர்வை மடிக்கும் மேசைக்கு ஒரு நடை, மீட்டர் பெட்டிக்கு ஒரு நடை, வாசலுக்கு ஒரு நடை. பின்பக்கம் மட்டும் போகவில்லை. பழைய கரி பாய்லரைப் பூட்டி வைத்த அறை அங்கேதான் இருந்தது.

பூட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. மாடி முழுக்கச் சூரியத் தகடு, கீழே அந்தக் கரண்டில் ஓடும் புது பாய்லர். கரி எரிக்காத இடத்துக்குத்தான் இனித் துணி அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கைவிட்டால் இருபத்திரண்டு பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இந்தப் பாழாய்ப்போன வானமோ நாலு நாளாக மூடிக் கிடந்தது. முதல் நாள் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அக்கா உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து சுடச்சுட வந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைக்கு வந்த அம்மாள் மீட்டரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"வெயிலே இல்ல, கரண்டும் இவ்வளவு கம்மி, ஆனா துணி குறையவே இல்ல! பரவாயில்லையே! மத்த சலவைக்காரங்களுக்கும் உங்களைத்தான் காட்டப்போறேன். இதே மாதிரி பாய்லர் வாங்கச் சொல்றேன்."

அக்கா பல்லைக் காட்டிச் சிரித்தாள். அம்மாள் நீட்டிய காகிதத்தில் ஒரே வரி: கரி எரிக்கவில்லை. கீழே அவள் கையெழுத்துப் போடவேண்டும்.

"ஒரு நிமிஷம்மா, வந்துடறேன்."

பின்பக்கம் ஓடி அறைச் சுவரைத் தொட்டாள். சுரீரென்றது. கையை உதறினாள்.

பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவள் தம்பி. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தான். கையைத் தேய்த்துக் கழுவியிருந்தான், நகக்கண்ணில் கரி அப்படியே இருந்தது.

"எதுக்குக்கா இங்க வந்த? பேசாம கையெழுத்தப் போட்டுட்டு அந்தம்மாவ அனுப்பு. வெயில் வந்ததும் அணைச்சுடறேன்."

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"நீ அழுதியே. வேற என்ன பண்ணச் சொல்ற?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவளுக்காகத்தானே செய்தான், கிறுக்கன். ஆனால் அந்த அம்மாளின் பேச்சை நம்பி எத்தனை பேர் இதே பாய்லரை வாங்கிவிட்டு, மேகம் மூடிய நாளில் தலையில் கைவைத்து உட்காரப்போகிறார்களோ?

திரும்பி வந்தவள் பேனாவைத் தொடவில்லை.

"அம்மா, கொஞ்சம் பின்னாடி வாங்க. இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க."

அம்மாள் தொட்டார். முகம் மாறியது.

"யாரு எரிச்சது?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இவன்தான். ஆனா இவன் பேரோட நிறுத்தாதீங்க, என் பேரையும் எழுதுங்க. மூணு நாளா நான் இந்தப் பக்கமே வரல. வந்தா தெரிஞ்சுடும்னுதான் வரல. அதையும் எழுதுங்க."