சிவப்பில் நிற்பவள்

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "பெரிய பெரிய சமூகமெல்லாம் ஏன் சரிஞ்சு போகுது, அதுல மனுஷ மனசோட பங்கு என்னன்னு கொஞ்சம் எளிமையா எழுதிக் கொடுங்க சார்" என்றார். நானும் வாய் கூசாமல் சரி என்று சொல்லிவிட்டேன். தடித்தடியான புத்தகங்களை வாங்கிவந்து ஜன்னலோர மேசையில் அடுக்கினேன். பஞ்சம், படையெடுப்பு, வறட்சி, கொள்ளைநோய் எல்லாம் அவற்றில் இருந்தன. மனசு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடித்தேடி மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே எங்கள் நாற்சந்தி. சிக்னலில் சிவப்பு எரிகிறது. ஒருவரும் நிற்கவில்லை. நாலு பக்கமும் ஹாரன்.

கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது. கதை எழுந்ததா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "ஆதி மனிதன் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த நாளிலிருந்தே—" (விட்டுவிட்டேன். அவனுக்கும் எனக்கும் பழக்கமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அந்த ஊரின் வீழ்ச்சி ஒரு விளக்கு அணைந்தபோது தொடங்கியது." (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தப் பொய். விளக்கு அணைந்தபோது நாங்கள் நல்லவர்களாகிவிட்டோம். குழப்பமே அங்கேதான்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு பெருமழையில் சிக்னல் செத்துப்போனது. பழுதுபார்க்க யாரும் வரவில்லை. அன்றைக்கே நாலு மண்டை உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு வழக்கம் முளைத்தது. ஒவ்வொரு சாலையிலிருந்தும் ஒரு முறைக்கு ஒரு வண்டி. கடக்கிறவர் தன் இடப்பக்கச் சாலையில் காத்திருப்பவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். "அடுத்தது நீங்கள்" என்று அர்த்தம். ஹெல்மெட் போட்டவர்கள் பூம்பூம் மாடு மாதிரி பெரிதாக ஆட்டினார்கள். பஸ் ஓட்டுநர்கள் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி ஆட்டினார்கள். முன்பு வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுப் போனதை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களைப் பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, நிறம் தெரிகிறதா என்று சோதிக்கிற வேலை. தினமும் ஸ்கூட்டரில் இந்தச் சந்தியைக் கடந்துதான் போய்வருகிறாள். "இன்னிக்கு ஒரு லாரிக்காரர் எனக்குத் தலையாட்டினாருங்க. மகாராணி மாதிரி வந்தேன்" என்பாள்.

(அவளை இந்தக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்றிருந்தேன். வந்துவிட்டாள்.)

3

சில மாதங்கள் அப்படியே ஓடின. பிறகு அந்த வழக்கம் கெட்டது. கதை என்றால் கெடுத்தவன் ஒருவன் வேண்டுமே. அவனைத் தேடிப் போனேன்.

சந்தி முனையில் தையல்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவருடைய மெஷின் சாலையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

"முதல்ல முறை தவறிப் போனது யாருண்ணே?"

"சந்தேகமே வேணாம் சார், ஸ்கூல் வேன்காரர்தான். புள்ளைங்களை வச்சுக்கிட்டு விர்ருனு போனாரு."

வேன்காரரைப் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "நானா? எனக்கு முன்னாடி கார்ல ஒரு அம்மா சொய்ங்னு போனாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் போனேன். நான் மட்டும் கேணையா?"

திரும்பவும் தையல்காரரிடம் வந்தேன். இப்போது அவர் பைக்கில் போன இரண்டு பேரைச் சொன்னார்.

"அன்னைக்கு வேன்னு சொன்னீங்களே?"

"வேனும்தான் சார். நான் துணியைப் பார்ப்பேனா, ரோட்டைப் பார்ப்பேனா? யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சாங்க. நான் இல்ல. எங்கிட்ட வண்டியே இல்ல!"

எல்லோரிடமும் ஒரு முதல் ஆள் இருந்தான். அவன் எப்போதும் அவர்களுக்கு முன்னால் போனவனாகவே இருந்தான்.

3 (மறுபடியும்)

கிடைக்காததால் நானே ஒரு முதல் ஆளை உண்டாக்கினேன். ஆள் இல்லை, ஆட்கள். ஓர் அக்கா, ஒரு தங்கை, இரண்டு ஸ்கூட்டர்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அக்காவுக்கு வழி தெரியும், தங்கைக்குத் தெரியாது. அக்கா தன் முறையில் கடக்கிறாள். தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் தங்கையும் ஒட்டிக்கொண்டே கடந்துவிடுகிறாள். எதிர்ச்சாலையில் நின்றவருக்கு ஆஸ்பத்திரி தெரியாது, அப்பா தெரியாது. ஒரே முறையில் இரண்டு வண்டி போனதுதான் தெரியும். பெரிய கோபமெல்லாம் அவருக்கு இல்லை. மனசுக்குள் சின்னதாக ஒரு முள். அடுத்த நாள் அவர் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்கிறார். அவருக்கு எதிரே நின்றவருக்கு—

நிறுத்துகிறேன். இதில் கெட்டவர்களே இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை.*

* கைப்பிரதியின் ஓரத்தில் என் மனைவி பென்சிலால் எழுதியது: "அப்பா ஆஸ்பத்திரியில் என்றால்தான் மன்னிப்பீர்களா? சினிமாவுக்கு நேரமாகிவிட்டது என்றிருந்தால்?"

4

இங்கே என் மச்சான் வருகிறான், மனைவியின் தம்பி. தங்கமான பையன். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் ஓடுவான். லிஃப்ட் நின்றுபோனால் பக்கத்து வீட்டுச் சாமானை மாடிவரை தூக்கிக்கொடுப்பான். அதே பையன் சந்திக்கு வந்ததும் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டான்.

"ஏன்டா இப்படி?" என்று கேட்டேன்.

"மாமா, நானும் ஒரு வாரம் நின்னு பார்த்தேன். என்னைத் தாண்டி எல்லாரும் போறாங்க. ஒருத்தன் போகும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சான் மாமா. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல."

ஆசிரியர் கேட்ட மனசு ஒருவேளை இதுதானோ. புத்தகங்கள் பேராசையைச் சொல்கின்றன, வெறுப்பைச் சொல்கின்றன. எங்கள் சந்தியில் இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இளிச்சவாயன் ஆகிவிடுவோமோ என்ற பயம். நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறோம், நாம் மட்டும் ஏமாந்து நிற்பதைப் பொறுக்க முடிவதில்லை. பயந்த நல்லவர்கள் போதிய அளவு சேர்ந்துவிட்டால் ஒரு சமூகம்—

(இந்த வாக்கியத்தை முடித்தால் நான் அறிஞன் ஆகிவிடுவேன். முடிக்கத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இன்றைக்குத் தெம்பில்லை.)

5

பிறகு சிக்னலைச் சரிசெய்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் சிவப்பைப் பார்த்துத் தன் மொபெட்டை நிறுத்தினார். யாரும் நிற்கமாட்டார்கள் என்று நம்பி வந்த பின்வண்டி அவர்மேல் மோதியது. முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. இடித்தவர் இறங்கி, கீழே கிடந்தவரைப் பார்த்துக் கத்தினார்: "எதுக்குய்யா நின்னே?"

கூட்டமும் அதையே கேட்டது. தையல்காரர் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி வந்து, "ஆமா பெரியவரே, திடீர்னு நின்னா எப்படி?" என்றார்.

நானும் மாடியிலிருந்து இறங்கி அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு நொடி எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பயம் வந்தது.

6

அன்று சாயங்காலம் என் மனைவி யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து நான் சிவப்புல நிக்கப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அந்தப் பெரியவர் கையைப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன். பைத்தியம் யாருன்னுதான் எனக்கும் குழப்பமா இருக்குங்க. நாள் முழுக்க ஜனங்களை உட்காரவச்சு இது என்ன நிறம்னு கேக்கறேன். கரெக்டா சிவப்புங்கறாங்க. வெளியே போய் அதே சிவப்புல பறக்கறாங்க. நானும் பறந்துதான் வர்றேன்."

"பின்னாடி வர்றவன் இடிப்பான்."

"தெரியும்."

"நீ ஒருத்தி நின்னா ஊர் மாறிடுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போனாலும் பயமா இருக்கு, நின்னாலும் பயமா இருக்கு. அதுக்கு நின்னுட்டே பயப்படறேன்."

மச்சானும் இருந்தான். "அக்கா, பேசாம வேற ரோட்டுல போயேன்."

"அங்கயும் சிக்னல் இருக்குடா."

கெஞ்சினேன். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். கதையை முடித்துவிடுகிறேன், அதைப் படித்து நாலு பேர் யோசிப்பார்கள் என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

7

முடிவுகள்:

அ. அவள் நிற்கிறாள். பின்னால் ஹாரன் அலறுகிறது. கோபத்தோடு திரும்புகிறாள், பின்னால் இருப்பவன் அவள் தம்பி. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம்— (அடித்துவிட்டேன். சினிமா.)

ஆ. அவள் நிற்கிறாள். அவளைப் பார்த்து வேன் நிற்கிறது. வேனைப் பார்த்துக் கார். நாலு சாலைகளும் அமைதியாகின்றன. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்க்கிறார். (இதை எழுதும்போது கை தானாக ஓடியது. எனக்குச் சந்தேகம் வர அது போதும்.)

இ. அவள் நிற்கிறாள். பின்னால் வருபவர்—

இ-யை எழுதமாட்டேன். ஆசிரியர் கேட்டாலும், கதைக்கு அதுதான் பொருத்தம் என்று நீங்களே சொன்னாலும், எழுதமாட்டேன். அவள் என் மனைவி.

8

இப்போது காலை. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். நான் ஜன்னலில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போகிறது. வெள்ளை ஹெல்மெட் தெரிகிறது. சந்திக்கு வந்துவிட்டாள். சிவப்பு விழுகிறது.

நின்றுவிட்டாள். ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கிறாள். ஸ்கூட்டரின் பின்விளக்கு எரிகிறது.

பின்னால் ஒருவர் வருகிறார். இந்த உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. அது யார் என்று எழுதிப் பார்த்தேன். வேன்காரர் என்று எழுதி அடித்தேன். கார்க்கார அம்மா, மச்சான், எல்லோரையும் எழுதி அடித்தேன். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போனவரைக் காட்டித் தப்பித்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது, முதல் வரியிலிருந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற நீங்கள்தான்.

உங்களுக்கும் நேரமாகிவிட்டது, தெரிகிறது. காரணம் இருக்கும். ஆஸ்பத்திரியோ சினிமாவோ, நான் கேட்கவில்லை. உங்களுக்குப் பின்னாலும் ஒருவர் வருகிறார். நீங்கள் நின்றால் அவர் உங்களை என்ன நினைப்பார் என்பதும் எனக்குப் புரிகிறது. மனித மனதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உங்கள் மனதில் இந்த நொடி என்ன ஓடுகிறது என்று எனக்குத் துளியும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு இன்னும் எரிகிறது. உங்கள் விரல் பிரேக்கில் இருக்கிறதா, ஹாரனில் இருக்கிறதா என்று இங்கிருந்து பார்க்க முடியவில்லை.